சுஷிக்கும் புளியோதரைக்கும் நடுவே சர்க்கரை

"அப்பா, இதுல எண்ணெயே இல்ல. சுகருக்கு ஒண்ணும் பண்ணாது, சாப்பிடுங்க." திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் முன்னால் இப்போது சுஷித் தட்டும் வந்துவிடுகிறது. எண்ணெய் இல்லை என்பது சரி. ஆனால் மேலே இருக்கும் மீன் கண்ணில் படுகிற அளவுக்கு அடியில் இருக்கும் சோறு படுவதில்லை.

கையால் பிடித்துவைக்கும் ஒரு நிகிரித் துண்டில் சுமார் 20 கிராம் சோறு இருக்கும். எட்டுத் துண்டு உள்ளே போனால் 160 கிராம் சோறு, ஏறக்குறைய 55 கிராம் மாவுச்சத்து. அதுவும் ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசி. அதில் அமைலோஸ் குறைவு, கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின் அதிகம். செரிமான நொதிகளுக்கு அதை வெட்டுவது சுலபம். போதாததற்கு, சோற்றில் விடும் வினிகரிலேயே சர்க்கரையும் கரைத்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பழைய சுஷியில் சோற்றைத் தின்பதே இல்லை. ஜப்பானின் பீவா ஏரிக்கரையில் இன்றும் செய்யப்படும் ஃபுனாசுஷிக்கு, உப்பிட்ட கெண்டை மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். பிறகு சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் சாப்பிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அவ்வளவு பொறுமை இல்லை. வினிகர் கலந்த சோற்றின் மேல் மீனை வைத்து உடனே நீட்டினார்கள்.

அந்த வினிகர்தான் சுஷிக்குச் சாதகமான ஒரே சாட்சி. அதிலுள்ள அசெட்டிக் அமிலம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வினிகரோடு சேர்த்து உண்ட சோறு, வெறும் சோற்றைவிட ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றியது என்று 2003இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது.

புளிப்பேறிய, ஆறிய சோறு நமக்குப் புதிதா என்ன? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் தொன்னை தொன்னையாகக் கொடுக்கும் புளியோதரையும் அந்த வகைதான். சோற்றை உதிர்த்து, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, புளிக்காய்ச்சலில் பிரட்டுகிறார்கள். கூடவே வேர்க்கடலை, கடலைப்பருப்பு. இவை எல்லாமே செரிமானத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, நொதிகளுக்கு எளிதில் பிடிகொடுக்காததாகிறது. இதைப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். 2015இல் வெளியான இந்தோனேசிய ஆய்வில், ஒருநாள் குளிரூட்டிச் சூடாக்கிய சோற்றில் அத்தகைய மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64 கிராமிலிருந்து 1.65 கிராமாகத்தான் உயர்ந்தது. மிச்சமெல்லாம் வழக்கமான சோறுதான்.

ஆகவே அளவுதான் கேள்வி. 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 'பியூர்' ஆய்வின் முடிவுகள் 2020இல் வந்தன. தெற்காசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே உண்பவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 61 சதவீதம் அதிகம். எட்டுத் துண்டு சுஷியோடு எழுந்துவிடுகிறோம். புளியோதரையில் இரண்டாவது தொன்னைக்கும் கை நீள்கிறது.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். சோற்றுக்குக் கால் மணி நேரம் முன்பு மீனைச் சாப்பிட்டால் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது என 2016இல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டார்கள். சுஷியில் இது நடக்காது, இரண்டும் ஒரே வாயில் போய்விடும். கிரிவலத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலை முதலில் வாங்கிக்கொள்ளலாம். பிறகு நடை இருக்கவே இருக்கிறது: உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

ஆனால் இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் விரதமிருந்து, வெறும் வயிற்றோடு 14 கிலோமீட்டரும் நடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். கை நடுங்கி வியர்த்துக் கொட்டும் அந்த நேரத்தில் புளியோதரை உதவாது. மெதுவாகச் செரிக்கும் என்பதே அப்போது அதன் குறை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.