உங்களுக்குத் தெரியுமா? – மெஸ்கால் ஸ்பெஷல்!

டெக்கீலாவைத் தெரியாதவர் இல்லை. அந்த டெக்கீலாவே மெஸ்கால் என்ற மெக்சிகோ மதுவில் ஒரு வகைதான் என்பது தெரியுமா? ஆதியில் அதன் பெயர் ‘டெக்கீலா ஊர் மெஸ்கால்’! காலப்போக்கில் ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, மெஸ்கால் உதிர்ந்துவிட்டது!

டெக்கீலா காய்ச்ச ஒரே ஒரு செடிக்குத்தான் அனுமதி. நீல அகாவே! மெஸ்காலுக்கு? 30 இனங்களுக்கும் மேல்!

அகாவே ஏதோ கண்காணாத செடி என்று நினைக்க வேண்டாம். நம்மூர் வேலியோரம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆனைக் கற்றாழை, அகாவேதான்! மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே குடியேறியது!

அது கள்ளி இனம் கிடையாது. சோற்றுக் கற்றாழைக்கும் நெருங்கிய சொந்தம் இல்லை. தாவரவியலில் அது இருப்பது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில்!

இன்னும் கேளுங்கள். மாலை கட்டுகிறோமே சம்பங்கி, அதற்கும் பூர்வீகம் மெக்சிகோதான். அதன் இன்றைய அறிவியல் பெயர் ‘அகாவே அமிகா’! கல்யாண மாலையில் தொங்குவது மெஸ்கால் செடியின் தங்கச்சி! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

‘மெஸ்கால்’ என்ற பெயரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது! நாவாத்தல் மொழியில் அதற்கு ‘சுட்ட அகாவே’ என்று பொருள்!

எப்படிச் சுடுகிறார்கள்? தரையில் கூம்பு வடிவக் குழி. அடியில் விறகு, மேலே கல். கல் பழுத்ததும் அகாவே கிழங்குகளை அடுக்கி, மண் போட்டு மூடிவிடுவார்கள். திறப்பது 3, 4, சில சமயம் 5 நாள் கழித்து! மெஸ்காலின் அந்தப் புகை வாசம் பிறப்பது இந்தக் குழிக்குள்தான்!

ஆனால், மெஸ்கால் என்றால் புகைந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் பல இடங்களில் குழியே கிடையாது. நீராவி அடுப்பில் வேகவைக்கிறார்கள். புகை வாசம் துளிகூட இருக்காது. பதிலுக்கு, பச்சை மிளகாயைக் கிள்ளியது போல ஒரு வாசம்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே பானம் என்று நம்பவே மாட்டீர்கள்!

செடி வளரும் காலத்தைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். எஸ்பாதீன் வகைக்கு 6 முதல் 8 வருஷம். காட்டில் விளைகிற தோபலாவுக்கு 10 முதல் 15. அர்ரோகென்யோவுக்கு 20 வரை. பாறை இடுக்கில் தொற்றி நிற்கிற தெபெஸ்தாத்தே? 25 வருஷம்கூட ஆகும்! உங்கள் கோப்பையில் இருப்பது ஒரு கால் நூற்றாண்டு வெயில்!

இத்தனை வருஷம் நின்ற செடி பூப்பது ஆயுளில் ஒரே ஒரு முறை. பூத்ததும் இறந்துவிடும்! அதனால் பூத்தண்டு எட்டிப் பார்க்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். பூவுக்குப் போகவேண்டிய சர்க்கரை எல்லாம் கிழங்கிலேயே தங்கிவிடும்!

சரி, ருசிக்கு வருவோம். என் ஆசை மகாராணி தோபலா! குட்டிச் செடி, பெரிய மணம். பழமும் பூவும் சேர்ந்தாற்போல் நாக்கில் விரியும். தெபெஸ்தாத்தே நேர் எதிர். பச்சைத் தழை, மிளகு, சுள்ளென்ற காரம். எஸ்பாதீன் நடுவில் நிற்கும். இனிப்பும் புகையும் சரிபாதி! புதிதாக ஆரம்பிப்பவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதன் ருசி நாக்கில் பதிந்த பிறகுதான் மற்றதெல்லாம் எவ்வளவு விலகிப் போகிறது என்று தெரியும்!

ஹபலி என்று ஒரு வகை. பெயருக்கு அர்த்தம் காட்டுப்பன்றி! குணமும் அதேதான். ஊறலிலும் நுரைத்துப் பொங்கும், வாலையிலும் நுரைத்துப் பொங்கும். அதை அடக்கி வடிக்கத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை!

ஒரே செடி. ஒரே மாநிலம். ஆனால் ருசி இரண்டு! வஹாகா மாநிலத்தின் சாந்தியாகோ மத்தத்லானில் செம்பு வாலையில் வடிக்கிறார்கள். சாந்தா கத்தரீனா மினாஸ் ஊரில் மண்பானையில் வடிக்கிறார்கள். மண்பானைச் சரக்கை முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்கு மண் மணக்குமே, அதே மணம்!

மத்தத்லான் ஊர் எல்லையில் வளைவு கட்டி ‘மெஸ்காலின் உலகத் தலைநகரம்’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்!

நசுக்குவதற்கு நம்மூர்ச் செக்கு மாதிரி ஒன்று உண்டு. பெயர் தஹோனா. பிரமாண்டமான கல் சக்கரம், இழுப்பது குதிரை அல்லது கழுதை. அதுவும் வேண்டாம் என்று மரச் சம்மட்டியால் கையாலேயே இடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

ஊறல் போடும் தொட்டி எதில் தெரியுமா? மரத்தில், கல்லில், மண்ணில்... சில இடங்களில் மாட்டுத் தோலில்! அரசாங்கச் சட்டமே அதை அனுமதிக்கிறது!

அந்தச் சட்டத்தின் 2016 வடிவம் மெஸ்காலை மூன்றாகப் பிரித்தது. சாதா மெஸ்கால், கைவினை மெஸ்கால், முன்னோர் முறை மெஸ்கால். மூன்றாவதில் இரும்பு இயந்திரத்துக்கு இடமே இல்லை. மண்பானை வாலை கட்டாயம், நாரோடு சேர்த்து வடிப்பதும் கட்டாயம்! பாட்டில் வாங்கும்போது நான் முதலில் தேடுவது ‘முன்னோர் முறை’ என்ற அந்தச் சொல்லைத்தான்!

அடுத்துத் தேடுவது என்ன? செடியின் பெயர், கிராமத்தின் பெயர், வடித்தவரின் பெயர். நல்ல மெஸ்கால் பாட்டிலில் மூன்றும் இருக்கும்! ஒரு மதுவுக்குக் கைவண்ணக்காரரின் பெயரைப் போட்டு மரியாதை செய்வது எத்தனை அழகு!

இனி வருவதுதான் என் பொக்கிஷம்! வடித்த மெஸ்காலில் ஆல்கஹால் சரியாக இருக்கிறதா என்று அறிய அந்தக் கிராமங்களில் மீட்டர் கிடையாது. நாணல் குழாயில் வாயால் உறிஞ்சி, ஒரு குடுக்கையில் பீய்ச்சுவார்கள். மேலே முத்து முத்தாகக் குமிழி நிற்கும். ‘முத்துகள்’ என்றே அதற்குப் பெயர். முத்து நின்றால் சரக்கு சரி! சட்டென்று உடைந்தால் தவறு!

வெறும் நம்பிக்கை என்கிறீர்களா? 2020-ல் இயற்பியல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள், ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் கட்டுரையும் வந்தது. ஆல்கஹால் 50 சதவீதத்துக்கு அருகில் இருக்கும்போதுதான் குமிழிகள் அதிக நேரம் நிற்கின்றன! கூடினாலும் உடையும், குறைந்தாலும் உடையும். பாட்டன் கண்ணால் பார்த்துச் சொன்னதை ஆய்வுக்கூடம் அப்படியே ஒப்புக்கொண்டது!

அந்தக் குடுக்கை எந்த மரத்தின் காய் தெரியுமா? நம்மூரில் திருவோட்டு மரம் என்கிறோமே, அந்தக் குலம்! இங்கே சாமியார் கையில் திருவோடு, அங்கே மெஸ்கால் கிண்ணம்!

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. இரண்டு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். ஆல்கஹால் பறந்துவிடும். மிச்சம் நிற்பது சுட்ட அகாவேயின் மணம்! சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு வெல்லப்பாகில் தோய்த்தது போல இருக்கும். வெறும் ஸ்பிரிட் நெடி மட்டும் அடித்தால் பாட்டிலை மூடிவிடுங்கள்!

முதல் வாயை வைத்து முடிவு செய்யவே கூடாது! அது நாக்கைப் பழக்க மட்டும். ருசி தெரிவது இரண்டாவது வாயில்தான். மடக்கென்று விழுங்குவது பெரிய குற்றம். ‘மெஸ்காலை முத்தமிட வேண்டும்’ என்பது மெக்சிகோக்காரர் வாக்கு!

கூடவே தொட்டுக்கொள்ள ஆரஞ்சுச் சுளை. மேலே தூவும் உப்பில் மிளகாய்ப் பொடி இருக்கும். கூடவே வறுத்து அரைத்த புழு இருக்கும்!

பாட்டிலுக்குள் மிதக்கிற புழு? அது புழுவே அல்ல, அந்துப்பூச்சியின் குஞ்சு! எந்த இனம் என்று பல காலம் குழப்பம். 2023-ல் மரபணுவைச் சோதித்ததில், பார்த்த புழுக்கள் எல்லாம் ஒரே இனம் என்று தெரிந்தது. கோமாடியா ரெட்டன்பாக்கேரி!

புழுவுக்கே முகம் சுளித்தால் எப்படி? பெச்சூகா மெஸ்கால் என்று ஒன்று உண்டு. வடிக்கும்போது வாலைக்குள் பச்சைக் கோழி நெஞ்சுக்கறியைக் கட்டித் தொங்கவிடுவார்கள்! ஆப்பிள், வாழைப்பழம், பாதாம், சில வீடுகளில் அரிசியும் சேரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியக் கணக்கு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் எடுக்கிற சரக்கு இது!

நல்ல மெஸ்காலைச் சிலர் பீப்பாயில் அடைக்காமல் கண்ணாடியிலேயே வைத்து முதிர வைப்பார்கள். குறைந்தது 12 மாதம்! மரத்தின் வாசம் ஏறாது, செடியின் வாசம் இறங்காது. காரம் மட்டும் தணிந்து பட்டுப் போல ஆகிவிடும்!

மெஸ்காலின் உறவுக்காரி பக்கனோரா. சோனோரா மாநிலத்துச் சரக்கு. 1915-ல் தடை போட்டார்கள். எடுத்தது 1992-ல். 77 வருஷம் மலைக்குள் ஒளிந்தே உயிர் பிழைத்தது!

அகாவேக்கு ஒரு தெய்வமும் உண்டு. பெயர் மயாவெல். அவள் பிள்ளைகள் போதையின் தெய்வங்கள். எல்லாம் முயல்கள். மொத்தம் 400!

வடிக்கும் வித்தைக்குக் கடல் கடந்த கதையும் உண்டு. மெக்சிகோவின் மேற்குக் கடற்கரைக்குத் தென்னங்கள்ளும் அதைக் காய்ச்சி வடிக்கும் வித்தையும் போனது பிலிப்பைன்ஸ் மாலுமிகளால்! மணிலா கப்பல்களில் போனவர்கள். கொலிமா ஊர்த் தெருக்களில் இன்றும் தென்னை மரத்துப் பானம் விற்கிறார்கள்!

அகாவேப் பூவில் தேன் குடிப்பது நீள்மூக்கு வௌவால். மகரந்தம் சுமப்பதும் அதுதான். 1988-ல் அமெரிக்கா இதை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தவை 1,000-க்கும் குறைவு. 2018-ல் பட்டியலிலிருந்து எடுத்தபோது? சுமார் 2 லட்சம்!

ஆனால் எல்லாச் செடியையும் பூக்கும் முன்பே வெட்டினால் வௌவால் எங்கே போகும்? தோபலா பக்கக் கன்று விடாது, விதையில் மட்டுமே முளைக்கும். பூ இல்லையேல் தோபலாவும் இல்லை! அதனால் 100 செடிக்கு 5 செடியைப் பூக்க விடும் திட்டம் ஒன்று நடக்கிறது. அந்த 5 செடிக்கு என் கோடி நமஸ்காரம்!

ஏன் இந்தக் கவலை? 2011-ல் சான்றிதழ் பெற்ற மெஸ்கால் சுமார் 10 லட்சம் லிட்டர். 2022-ல் 1 கோடியே 40 லட்சம் லிட்டர்! 11 வருஷத்தில் 14 மடங்கு. 25 வருஷம் வளர்கிற செடி அந்த வேகத்துக்கு எப்படி ஓடும்?

இந்தியாவிலும் அகாவே சரக்கு வடிக்கிறார்கள்! தக்காணத்துக் கற்றாழையை வைத்து, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில். 2011-ல் சந்தைக்கு வந்தது. மெஸ்கால் என்ற பெயரை மட்டும் போட முடியாது. அந்தப் பெயர் 1994 முதல் மெக்சிகோவின் தனிச்சொத்து!

மெக்சிகோவில் மெஸ்காலுக்கென்றே ஒரு கிளாஸ் உண்டு. கோயிலில் மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்த கிளாஸ்! கழுவி அதில் ஊற்றினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. இன்று அதே வார்ப்பில் புதிதாகவே செய்கிறார்கள். காலியானதும் அதை உடனே கழுவாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், சுட்ட அகாவே அப்போதும் மணக்கும்! அடியில் பாருங்கள், ஒரு சிலுவை தெரியும்!