சங்கப் பற்றும் தனிமனிதத் தெரிவும்
விமானிகளின் வேலைநிறுத்தங்கள் பற்றிய ஒரு நோக்கு

வேலைநிறுத்தக் காலத்திலே தோழரைப் பிரிந்து வேலைக்குச் செல்பவனைத் தமிழ்த் தொழிலாளர் ‘கருங்காலி’ என்னும் பெயரால் இகழ்வர். கோடரிக்குக் காம்பாக அமைந்து, தான் பிறந்த காட்டையே அழிப்பதற்குத் துணைபோகும் வைரமேறிய மரத்தின் பெயர் அது. ‘குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு’ என்னும் பழமொழியும் இக்கருத்தையே கூறும். ஒரு குற்றச்சாட்டும் அதற்குரிய தீர்ப்பும் இவ்வொரு சொல்லிலே அடங்கியுள்ளன. எனினும், அச்சொல்லாற் சுட்டப்பட்டவனை வினவினால் அவன் வேறொரு சொல்லை முன்வைப்பான். ‘தெரிவு’ என்பதே அச்சொல். தன் உழைப்பை எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது கொடாது விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கே உரியது என்பது அவன் வாதம்.

இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வழக்கு எல்லாத் தொழில்களிலும் உண்டு. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் விமானிகளிடையே அது அடைந்த கூர்மை தனித்து ஆராயத்தக்கது. ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோன வேலைநிறுத்தங்களின் பகை பல தசாப்தங்கள் நீடித்தமைக்குக் காரணம் யாது? சங்கத்துக்கு ஒருவன் கடமைப்பட்டவன் எனின் அக்கடமையின் எல்லை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்கு அத்தொழிலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

விமானிகளைத் தொழிலாளர் எனக் கருதுவோர் சிலரே. உயர்ந்த ஊதியமும், பலருடைய உயிரைத் தாங்கும் பொறுப்பும் உடைய அவர்களை வைத்தியரோடும் வழக்கறிஞரோடும் ஒப்பவைத்து நோக்குவதே வழக்கம். ஆயின், வைத்தியர் ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊரிலே தம் தொழிலை நடத்தலாம். விமானம் இன்றி விமானிக்குத் தொழில் இல்லை. விமானமோ கம்பனிக்கு உரியது. இவ்வுண்மையை உணர்ந்தே 1931ஆம் ஆண்டில், டேவிட் பெங்கி என்னும் விமானியின் தலைமையில், அமெரிக்க விமானிகள் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே அச்சங்கம் சோதனைக்கு உள்ளாயிற்று. சிக்காக்கோ நகரில் ஈ. எல். கோர்ட் என்னும் செல்வர் நடத்திய செஞ்சுரி விமானசேவை, விமானிகளின் ஊதியத்தைப் பெரிதும் குறைத்தது. அதனை ஏற்க மறுத்த 23 விமானிகள் வெளியே நிறுத்தப்பட்டனர். பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் அவர்களுடைய இடங்களை நிரப்ப வேறு விமானிகள் எளிதிற் கிடைத்தனர். சங்கம் அரசியல்வாதிகளின் ஆதரவைத் தேடிப் போராடியது. சில மாதங்களில் அந்நிறுவனம் கைமாறிற்று. 1934ஆம் ஆண்டில் தேசியத் தொழிற் சபை வழங்கிய 83ஆம் இலக்கத் தீர்மானம், விமானி ஒருவர் மாதத்துக்கு 85 மணித்தியாலங்களுக்கு மேற் பறத்தலாகாது என வரையறுத்தது. இந்நிகழ்ச்சிகளால் விமானிகள் ஒரு பாடத்தைக் கற்றனர். அருந்திறமை ஒன்றே தம்மைக் காவாது. அதே திறமையுடைய மற்றொருவன் வாயிலுக்கு வெளியே காத்து நிற்கின்றான் என்பதே அது.

விமானியின் வாழ்வை ஆளும் மற்றொன்று சேவைமூப்புப் பட்டியல். ஒருவர் கம்பனியிற் சேர்ந்த நாளை ஒட்டி அப்பட்டியலில் அவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். பெரிய விமானத்தைச் செலுத்துவதோ சிறிய விமானத்தைச் செலுத்துவதோ, தலைமை விமானியாவதோ துணை விமானியாகவே இருப்பதோ, எந்த நகரிலிருந்து பறப்பது, பண்டிகை நாளில் வீட்டில் இருப்பது யார், ஆட்குறைப்பு வரின் முதலில் வெளியேறுவது யார் என்பவற்றை எல்லாம் அவ்விலக்கமே தீர்மானிக்கும். இருபது ஆண்டுகள் பறந்த ஒருவர் வேறொரு கம்பனிக்குச் சென்றால், நேற்றுச் சேர்ந்த இளைஞருக்கும் கீழே, பட்டியலின் அடியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஆகவே, விமானி தன் கம்பனியை விட்டு விலகுதல் பெயரளவிலேயே இலகுவானது.

இப்பட்டியலின் இயல்பிலேயே நமது பொருளின் உயிர்நிலை உள்ளது. அதில் உள்ள இலக்கம் தனித்து நின்று பொருள் தருவதன்று. ஒருவர் ஓரிடம் மேலேறினால் மற்றொருவர் ஓரிடம் கீழிறங்குவார். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே சென்றவர் தம் ஊதியத்தை மாத்திரம் பெறுவாரல்லர். வெளியே நிற்கும் மூத்தவர் ஒருவரின் இருக்கையிலும் அமர்கின்றார். தொழிற்சாலையில் உடைந்த உறவு, தொழிலாளி வேறிடம் செல்வதால் மறக்கப்படுதல் கூடும். விமானசேவையிலோ, இழந்தவரும் பெற்றவரும் ஒரே பட்டியலில், ஓய்வுபெறும் நாள்வரை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இனிச் சட்டத்தின் நிலையைக் கருதுவோம். புகையிரதத் தொழிலுக்கென 1926இல் இயற்றப்பட்ட சட்டம் 1936இல் அமெரிக்க விமானசேவைகளுக்கும் விரிக்கப்பட்டது. அச்சட்டத்தின்படி கூட்டு ஒப்பந்தம் குறித்த நாளில் அற்றுப்போவதில்லை, திருத்தப்படும்வரை தொடரும். பேச்சு வார்த்தை, அரச மத்தியஸ்தம், நடுத்தீர்ப்புக்கான அழைப்பு, அது மறுக்கப்படின் முப்பது நாள் தணிவுக் காலம் என்னும் படிகளைக் கடந்த பின்னரே வேலைநிறுத்தம் செய்யலாம். ஆனால், அவ்வாறு முறைப்படி வேலைநிறுத்தம் செய்வோரின் இடங்களுக்கு நிரந்தரமாகப் புதியவர்களை நியமிக்கும் உரிமையும் கம்பனிக்கு உண்டு. போராடும் உரிமையை ஒரு கையால் அளித்த சட்டம், போராடுவோனின் இடத்தைப் பிறருக்கு அளிக்கும் உரிமையை மறு கையால் வழங்கியது.

1978ஆம் ஆண்டுவரை இம்முரண் பெரிதாகத் தோன்றவில்லை. கட்டணங்களையும் பாதைகளையும் அரசு வரையறுத்த காலத்தில், உயர்ந்த ஊதியத்தின் செலவைக் கட்டணத்தில் ஏற்றுதல் கூடியதாயிருந்தது. அவ்வாண்டு அக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. புதிய கம்பனிகள் குறைந்த ஊதியத்துடனும் குறைந்த கட்டணத்துடனும் தோன்றின. பழைய கம்பனிகள் தம் விமானிகளிடம் விட்டுக்கொடுப்பை வேண்டின.

இச்சூழலிலே நிகழ்ந்ததுதான் கொன்டினென்டல் விமானசேவையின் வேலைநிறுத்தம். அதன் தலைவராகிய பிராங் லொறென்சோ 1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24ஆம் நாள் வங்குறோத்துச் சட்டத்தின் கீழ் நிறுவனத்துக்குப் பாதுகாப்புக் கோரித் தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தள்ளிவைத்தார். சில நாள்களுள், குறைந்த சேவைகளுடனும் ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைக்கப்பட்ட ஊதியத்துடனும் விமானங்கள் மீண்டும் பறந்தன. ஒக்ரோபர் முதலாம் நாள் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஈராண்டுக்கு மேல் நீடித்தது. ஏனைய கம்பனிகளின் விமானிகள் தம் ஊதியத்திலிருந்து செலுத்திய நிதி அவர்களைத் தாங்கியது. எனினும், புதியவர்கள் நியமிக்கப்பட்டனர். பழையவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினர். 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உள்ளே 1,600 விமானிகள் பறந்தனர். வெளியே 1,000 பேரே நின்றனர்.

திரும்பியோரின் நியாயத்தைச் செவிசாய்த்துக் கேட்டல் நீதியாகும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்வி, நோயுற்ற மனைவி என்பன வாக்கெடுப்பால் மறைந்துவிடுவனவல்ல. கம்பனி அழிந்தால் சங்கம் எதனைக் காக்கும் என வினவியோரும் உளர். இவ்வேலைநிறுத்தம் வெல்லாது என முன்னரே கருதி எதிர்த்து வாக்களித்தவர், பெரும்பான்மையின் பிழைக்குத் தம் குடும்பத்தைப் பலியிடுதல் தகுமோ என்பதும் எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

வெளியே நின்றோரின் நியாயமும் வலியது. ஒப்பந்தம் என்பது ஒருவருடைய சாதனையன்று. முன்னோர் பலர் தம் இருக்கையைப் பணயம் வைத்துப் பெற்றது. அதன் பயனைப் பல ஆண்டுகள் துய்த்தவர், அதனைக் காக்கும் செலவு வந்தபோது மாத்திரம் தாம் தனிமனிதர் எனக் கூறுதல் பொருந்தாது. மன்சூர் ஒல்சன் என்னும் பொருளியலறிஞர் 1965இல் வெளியிட்ட கூட்டுச் செயல் பற்றிய நூலில் இதனை விளக்கினார். பொதுவாகக் கிடைக்கும் நன்மையில் எல்லோருக்கும் பங்கு உண்டாதலின், செலவைப் பிறரிடம் விட்டுவிடுதலே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலாபமாகத் தோன்றும். எல்லோரும் அவ்வாறு செய்யின் அந்நன்மையே தோன்றாது. விமானிகளிடையே இவ்விதி மேலும் கடுமையானது. முதலில் உள்ளே செல்பவருக்கே உயர்ந்த இருக்கை கிடைப்பதால், பிறர் உறுதியாக நிற்குந்தோறும் பிரிந்து செல்வதன் ஊதியம் பெருகுகின்றது.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டை 1985இன் யுனைற்றெட் விமானசேவையிற் காணலாம். புதிதாகச் சேர்வோருக்கு மாத்திரம் தாழ்ந்த ஊதியப் படி ஒன்றை வகுக்கக் கம்பனி விரும்பியது. ஏற்கெனவே பணிபுரிந்தோருக்கு அதனால் உடனடி இழப்பு இல்லை. எனினும் மே 17ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தினர். 29 நாள்கள் பொறுத்தனர். கம்பனியோ முன்னரே ஏறத்தாழ 570 புதிய விமானிகளைப் பயிற்றி வைத்திருந்தது. சங்கத்துக்கு எவ்விதக் கடனும் படாத அவ்விளைஞருட் பெரும்பாலோர், தமக்கு வாய்த்த அரிய வேலையை இழக்கும் ஆபத்தையும் பொருட்படுத்தாது, மறியல் வரிசையைக் கடக்க மறுத்தனர். ஊதியம் பற்றிய பிணக்குத் தீர்ந்த பின்னரும், இவர்களின் நிலை குறித்தே வேலைநிறுத்தம் நீண்டது. தமக்காக நின்றவர்களைக் கைவிட்டு உள்ளே செல்ல மூத்தோர் உடன்படவில்லை. பின்னர் நீதிமன்றமும் அவ்விளைஞருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் தாழ்ந்த ஊதியப் படியைச் சங்கத்தால் முற்றாகத் தடுக்க இயலவில்லை. பற்று இருவழிப்பட்டதாயின் அது நிலைக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கொன்டினென்டலின் முடிவு வேறு வகையானது. 1985இன் இறுதியில் எய்திய உடன்பாட்டின்படி, கம்பனி அறிவித்திருந்த புதிய பதவிகளுள் முதல் 100 தலைமை விமானிப் பதவிகள் உள்ளே பறந்தோருக்கும், அடுத்த 70 வேலைநிறுத்தம் செய்தோருக்கும், அதன்பின் ஒன்றுக்கொன்றாகவும் பங்கிடப்பட்டன. திரும்ப விரும்பாதோர் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 4,000 டொலர் வீதம் பெற்று விலகலாம். இறுதிவரை நின்றோருட் சிலர் தம் சங்கத்தின்மீதே வழக்குத் தொடுத்தனர். நிபந்தனையின்றிச் சரணடைந்திருந்தாலும் இதனினும் நல்ல நிலை கிடைத்திருக்கும் என்பது அவர்கள் முறையீடு. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடன்பாடு பின்னோக்கிப் பார்க்கையிற் குறையுடையதாயினும், அக்காலச் சூழ்நிலையில் அறிவுக்கு ஒவ்வாததன்று எனக் கூறி அவ்வழக்கை ஏற்க மறுத்தது. சட்டத்தின் அளவில் அது சரியாகலாம். ஆயின், பற்றுக் கொண்டோர், பற்றற்றோருக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட காட்சி விமானிகளின் மனத்தினின்றும் நீங்கவில்லை. விமானப் பணியாளரின் வேறொரு வேலைநிறுத்தம் பற்றி 1989இல் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இவ்வுணர்வை வளர்த்தது. இடையில் வேலைக்குத் திரும்பிய இளையோரை அகற்றி, இறுதிவரை நின்ற மூத்தோரை அவ்விடங்களில் அமர்த்தக் கம்பனி கடமைப்பட்டதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சங்கத்தின் முடிவும் பிழைபடலாம் என்பதை அவுஸ்திரேலியா காட்டிற்று. 1989இல் அந்நாட்டு விமானிகள் 29.47 வீத ஊதிய உயர்வை, அரசும் தொழிற்சங்கங்களும் வகுத்திருந்த பொது ஊதிய உடன்பாட்டுக்குப் புறம்பாகக் கோரினர். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணிவரை மாத்திரம் பறப்போம் என அறிவித்தனர். கம்பனிகள் வழக்குத் தொடுக்க முற்பட்டபொழுது, 1,600க்கு மேற்பட்டோர் ஒருங்கே பதவி துறந்தனர். பிரதமர் பொப் ஹோக்கின் அரசு விமானப்படை விமானங்களை ஈடுபடுத்தியது; வெளிநாட்டு விமானிகள் வரவழைக்கப்பட்டனர். துறந்தோருட் பலர் தம் பழைய பதவிக்கு மீளவே இல்லை. அவர்களிடையே ஒற்றுமை குறைந்திருக்கவில்லை. ஏனைய தொழிலாளரின் துணையைப் பெறாது தனித்து நின்றமையே அவர்கள் குறைபாடு.

வேலைநிறுத்தம் முடிந்த பின்னரும் தண்டனை முடிவதில்லை. அமெரிக்காவில் மறியல் வரிசையைக் கடந்தோரின் பெயர்ப்பட்டியல்கள் பேணப்பட்டன. விமானியறையிலுள்ள மேலதிக இருக்கையிற் சக விமானியை ஏற்றிச் செல்லுதல் அத்தொழிலின் பழைய உபசாரம்; அது கடந்தோருக்கு மறுக்கப்பட்டது. கடமைக்கு வேண்டிய சொற்களன்றி வேறு சொல் பேசாது அருகருகே அமர்ந்து பறந்தோரும் இருந்தனர். இது வெறும் மனத்தாங்கல் எனத் தள்ளத்தக்கதன்று. ஒருவர் காணாத பிழையை மற்றவர் தயங்காது எடுத்துரைத்தலே விமானப் பாதுகாப்பின் அடிப்படை என இன்றைய பயிற்சி முறைகள் வற்புறுத்துகின்றன. பேச விரும்பாத இருவர் நடுவே அத்தயக்கம் வளர இடமுண்டு. அதன் விலையைச் செலுத்த நேர்பவர் வழக்கில் எவ்விதப் பங்குமற்ற பிரயாணிகளே.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? விமானியின் தெரிவு, அவன் கருதுமளவுக்குத் தனிமனிதத் தெரிவன்று. பட்டியலில் அவன் அசையும்போது பிறரும் அசைகின்றனர். ஆதலின், ‘என் உழைப்பு என்னுடையது’ என்னும் வாதம் அரை உண்மையே. மற்றைய அரை உண்மை சங்கத்தின் பக்கத்தில் உளது. பற்றைக் கோரும் சங்கம், வாக்கெடுப்புக்கு முன் மாறுபட்ட கருத்தை அச்சமின்றி உரைக்க இடமளித்தல் வேண்டும். வெல்லும் வாய்ப்பையும் தோற்கும் வாய்ப்பையும் ஒளியாது கூறுதல் வேண்டும். வறுமையுற்றோரின் சுமையைப் பகிர்தல் வேண்டும். தோல்வி உறுதியான பின், நின்றோரை மேலும் வருத்தாது போராட்டத்தை முடிக்கும் துணிவும் பெறுதல் வேண்டும். இக்கடமைகளைச் செய்த சங்கத்தைத் தன் ஊதியங் கருதி நடுவழியிற் கைவிடுபவன் பழிக்கு உரியவனே. அவற்றைச் செய்யாத சங்கமோ, பிரிந்தோரைப் பழிக்குமுன் தன்னையே வினவுதல் வேண்டும். தனிமனிதன் தன் தெரிவை முழுமையாகச் செலுத்தத்தக்க காலம் முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னரே உளது. அக்காலத்தில் அவன் குரலுக்குச் செவிகொடுத்த சங்கமே, பின்னர் அவனிடம் உறுதியை உரிமையோடு கேட்கவல்லது.