முங்கிய ஊரைப் பழைய வரைபடம் எப்படிக் காட்டுகிறது?

பாஸ்டன் நகரத்தின் தாகத்துக்காக, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குவாபின் நீர்த்தேக்கமாக்கினார்கள். 1938 ஏப்ரல் 28 அன்று டானா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரெஸ்காட் ஆகிய நான்கு ஊர்கள் சட்டப்படி இல்லாமல் போயின. கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறிடம் கொண்டுபோனார்கள்.

அதற்கு முன்பே வரைந்த நிலவரைபடத்தில் ஊர்கள் அப்படியே இருக்கின்றன. சின்னக் கறுப்புச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு கட்டடம். அதன்மேல் சிலுவை இருந்தால் தேவாலயம், கொடி இருந்தால் பள்ளிக்கூடம். பழுப்புக் கோடுகள் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் சமவெளி. சதுரங்கள் பெரும்பாலும் விலகிய கோடுகளுக்கிடையேதான் கூடிக் கிடக்கும்.

தேங்கிய தண்ணீரின் மட்டம் எங்கும் ஒன்றே. அதனால் புதிய கரை, ஏதோவொரு சமஉயரக் கோட்டை ஒட்டியே ஓடியாக வேண்டும். இன்றைய வரைபடத்தைப் பழையதன்மேல் வைத்துப் பாருங்கள்: பள்ளத்தாக்கில் இருந்த பொமராய் குன்று தீவாகியிருக்கும், அதன் அடிவாரச் சாலை தண்ணீருக்குள் போய்விடும். மனத்தைப் பிசையும் காட்சி அது.

டானாவின் ஊர்த்திடல் மேட்டில் இருந்ததால் முங்கவில்லை. பழைய வரைபடத்தோடு அங்கே நடந்தால், சதுரம் இருந்த இடத்தில் கல் அடுக்கிய நிலவறைக் குழியொன்று திறந்து கிடக்கிறது.