மலைக்குச் சரக்கேற்றும் ஜீப்

ஆரணியிலிருந்து எண்ணெயும் பருப்பும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்குப் போகும் நமது கடை ஜீப், திரும்பும்போது சாமையும் புளியும் கொண்டுவரும். சென்ற மழைக்காலத்தில் மலை இறங்குகையில் பிரேக் பெடல் தரைவரை அமுங்கிவிட்டது. டிரைவர் கியரைக் குறைத்து, மண்மேட்டில் அணைத்து நிறுத்தினார், உயிர் தப்பியது.

காரணம் பழைய பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆவி சேர்ந்தால் பிரேக் பிடிக்காது.

கூடுதல் பாரத்துக்காக ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்கிறோம். பட்டை கூடினால் பிரேக்கின் பலம் கூடுமா?

இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவோம். ஏறிய கியரிலேயே இறங்குவோம். நான்கு மூட்டை குறைத்தே ஏற்றுவோம். வாடகை மிச்சத்தைவிட டிரைவரின் உயிர் பெரிது.