நாளைய பருவுக்கு இன்றே மருந்து

காலையில் கண்ணாடியில் சிவந்து தெரியும் பரு முந்தைய இரவில் முளைத்ததல்ல. பல வாரங்களுக்கு முன்பே, சிலருக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, தோலுக்கு அடியில் அது தொடங்கியிருக்கும். இந்தக் கணக்கு தெரியாததால்தான் நேற்றுத் தின்ற பஜ்ஜியைக் குற்றம் சொல்கிறோம். முளைத்த பருவின் மேல் மட்டும் மருந்தை வைத்துவிட்டு மூன்றாம் நாளே சலித்துப்போகிறோம்.

முகத்தின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. வளரிளம் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது, ஆண் பெண் இருவருக்குமே, இவை பெருத்து சீபம் என்ற எண்ணெயை நிறையச் சுரக்கின்றன. கூடவே, மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. தேங்கிய எண்ணெயில், எல்லோர் தோலிலும் சாதுவாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அதை எதிர்த்து உடலின் வெள்ளணுக்கள் திரளும்போதுதான் வீக்கமும் சீழும் வலியும் வருகின்றன. நம் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கட்டம்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருமை அழுக்கு அல்ல. மெலனின் நிறமியும் காற்றுபட்டு மாறிய எண்ணெயும் தரும் நிறம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும். காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பங்கு உண்டா? 1969-ல் அமெரிக்காவில் 65 பேரிடம் சோதித்து, சாக்லேட்டால் பரு வராது என்றார்கள். ஆனால் ஒப்பிடக் கொடுத்த போலி சாக்லேட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்திருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை. ஆய்வாளர் லோரன் கோர்டெய்ன் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பாப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் பரிசோதித்த 1200 பேரில் ஒருவர் முகத்திலும் பரு இல்லை. கிழங்கும் மீனும் தேங்காயும் பழங்களும் அவர்கள் உணவு. மரபணுவும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் உணவுக்கே முழுப் பெருமையும் தர முடியாது. ஆனாலும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் மைதா, இனிப்பு, குளிர்பானங்களைக் குறைத்தவர்களுக்குப் பரு குறைந்ததை அடுத்து வந்த சில ஆய்வுகள் காட்டின. ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன் மீதும் மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு. தலையில் வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் மயிர்க்கால்கள் அடைபடும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. “பருவுக்கு நல்லதா ஒரு கிரீம் குடுங்கண்ணே” என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூப்பில் பல நேரம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. தடவிய சில நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுத்தாற்போல் இருக்கும், தோழிகளுக்கும் பரிந்துரை போகும். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும், கன்னத்தில் முடி வளரும், ஸ்டீராய்டே புதுப் பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் எரியும், அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. சீட்டு கேட்காமல் எடுத்துத் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. டியூப்பில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

உண்மையில் வேலை செய்யும் மருந்துகள் மெதுவானவை. அடாபலின் மயிர்க்காலில் அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்கிறது. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது, தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். பரு இருக்கும் புள்ளியில் மட்டுமல்ல, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், காயும். 8 முதல் 12 வாரம் பொறுத்தே பலனை எடைபோட வேண்டும். கட்டி கட்டியாக வந்து குழி விழும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக் கூடாது. பெண்களுக்குத் தாடையோரப் பருவோடு மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் மாநிறத் தோலில் பரு போன பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளினால் அது இன்னும் ஆழமாகும், வெயில் பட்டால் கருக்கும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கில்லாத சன்ஸ்கிரீனும் சிகிச்சையில் சேர்த்திதான். பரு அடங்கியதும் மருந்தைத் தூக்கிப் போடாமல், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடர வேண்டும். அடுத்த அடைப்புகள் அதற்குள் தொடங்கியிருக்கும்.