வெள்ளைப்படுதலை மறைக்க வேண்டாம்

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் வாந்தி, மயக்கம், அசதி ஆகியவற்றைப் பற்றித் தயங்காமல் பேசும் பெண்கள், வெள்ளைப்படுதலையும் அரிப்பையும் மட்டும் கடைசியாக, தாழ்ந்த குரலில் எங்களிடம் கூறுகின்றனர். கூறாமலே சென்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

எது இயல்பு?

கருவுற்ற காலத்தில் வெள்ளைப்படுதல் சற்று மிகுவது இயல்பே. அது மெல்லியதாக, பால் நிறத்தில், துர்நாற்றமின்றி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. திரிந்த பாலைப்போல் கெட்டியாக வெளிப்பட்டு, கடும் அரிப்பும் சிவப்பும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சேர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். மீன் வாடையோ மஞ்சள், பச்சை நிறமோ இருப்பின் அது வேறு தொற்றாகலாம். அதற்கு மருந்தும் வேறு.

ஏன் வருகிறது?

கேண்டிடா என்னும் பூஞ்சை பல பெண்களின் உடலில் இயல்பாகவே வாழ்கிறது. கருவுற்றபின் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் பெருகுகிறது. அச்சூழலில் பூஞ்சை எளிதில் தழைக்கிறது. சர்க்கரை நோயும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் இதற்குத் துணைபோகலாம். வீட்டுப் பெரியவர்கள் கூறும் 'உடல் சூடு' இதற்குக் காரணமன்று. ஒழுக்கக்குறைவின் அடையாளமும் அன்று. அரிப்போ சிவப்போ இல்லாதவரை, பொதுவாகக் கணவருக்கு மருந்து தேவைப்படாது.

எந்த மருந்து?

குளோட்ரிமசோல் போன்ற, பிறப்புறுப்பினுள் வைக்கும் மாத்திரை அல்லது களிம்பையே இக்காலத்தில் பரிந்துரைக்கிறோம். அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. வழக்கமாக 7 நாட்கள் பயன்படுத்த வேண்டும். அரிப்பு முன்னரே தணிந்தாலும் இடையில் நிறுத்தலாகாது.

கருவுறாத பெண்களுக்கு ஃபுளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்றே தரப்படுவதுண்டு. ஆனால், கருவுற்ற காலத்தில் இதை உட்கொண்டவர்களிடையே கருச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டதாக 2016இல் டென்மார்க் ஆய்வொன்று தெரிவித்தது. மாத்திரையே காரணம் என்று அது நிறுவவில்லை. எனினும் பாதுகாப்பான மாற்று இருக்கையில் இதைத் தவிர்ப்பதே முறை. அறியாமல் ஒரு வேளை உட்கொண்டிருந்தால் அஞ்ச வேண்டாம். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதும் இல்லை. மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தயிர், மஞ்சள், வேப்பிலை நீர், கிருமிநாசினி எதையும் பிறப்புறுப்பினுள் செலுத்தாதீர்கள். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். காற்றோட்டமான பருத்தி உள்ளாடை அணியுங்கள். ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்புகளை நீங்களே வாங்கிப் பூசாதீர்கள். தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். உதிரப்போக்கு, அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள்.

குடும்பத்தாருக்கு

உங்கள் முன்னிலையில் இதைக் கூற அவர் கூச்சப்படலாம். மருத்துவரிடம் தனியே பேசச் சிறிது நேரம் விடுங்கள். "சூடுதான், சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாமல் அழைத்து வாருங்கள். இத்தொற்று பொதுவாகக் கருவிலுள்ள குழந்தையைப் பாதிப்பதில்லை; உரிய மருந்தால் எளிதில் குணமாகும். செவிலியரிடம் "அரிப்பு இருக்கிறது" என்று கூறினாலே போதும். மற்றவற்றை நாங்கள் கேட்டறிந்துகொள்வோம்.