வகுப்பில் உட்காரும் நேரத்துக்கு யார் சம்பளம் தருவது?

2015 பிப்ரவரியில், அப்போது துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த தர்மன் சண்முகரத்னம் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். காப்பிக்கடைப் பேச்சில் அதிகம் அடிபட்டது அதிலிருந்த 500 வெள்ளிதான். இருபத்தைந்து வயது நிரம்பிய ஒவ்வொரு சிங்கப்பூரர் பெயரிலும் அரசாங்கம் அந்தத் தொகையை வரவு வைக்கும். பணமாகக் கையில் வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற வகுப்பு எதிலாவது சேர்ந்து கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அந்தத் திட்டத்தின் சிறப்புத்தொகை 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. தகுதி பெற்றிருந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முதல் ஆண்டில் பயன்படுத்தியவர்கள் 126,000 பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

கேக் செய்யவும் படம் பிடிக்கவும் போனவர்களைப் பற்றி அன்று ஏகப்பட்ட கிண்டல். உண்மையில் கூட்டம் அதிகம் சேர்ந்தது தகவல் தொழில்நுட்ப வகுப்புகளில்தான். கேக் கற்றவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயதில் மறுபடி ஒரு வகுப்பறைக்குள் நுழைய அது ஒரு வழி. உண்மையான குளறுபடி வேறு இடத்தில் நடந்தது. போகாத வகுப்புக்குப் பணம் கேட்ட சுமார் 4,400 பேரிடம் 22 லட்சம் வெள்ளியைத் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. 2017இல், ஒன்பது நிறுவனங்களின் பெயரில் போலி ஆவணங்களைக் காட்டி ஒரு கும்பல் சுருட்டிய தொகை ஏறக்குறைய 4 கோடி வெள்ளி. ஆள் வகுப்பில் உட்கார்ந்தாரா என்பதையே சரிபார்க்க முடியாத இடத்தில், அவருக்கு வேலை கிடைத்ததா என்ற கேள்வி எங்கிருந்து எழும்?

திருட்டைத் தடுத்துவிடலாம்; தடுத்தும் விட்டார்கள். ஆனால், அத்தனை பேர் ஏன் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை?

ஜூரோங்கில் சரக்குக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தெட்டு. அடிப்படைச் சம்பளத்தோடு மிகைநேர வேலையும் சேர்ந்தால்தான் வீட்டுக் கடன், பிள்ளையின் டியூஷன், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் தாங்கும். பாய லேபாரில் இரவு ஏழு மணிக்கு வகுப்பு என்றால், ஐந்தரைக்கெல்லாம் வேலையிலிருந்து கிளம்பியாக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மிகைநேரம் போச்சு. வகுப்புக் கட்டணம் முழுக்க இலவசமாகவே இருக்கட்டும். இழந்த மிகைநேரச் சம்பளத்தை யார் தருவார்கள்? இருபது வயதுப் பையனுக்குப் படிப்பின் செலவு என்றால் கட்டணம். நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு அது நேரம். முதல் 500 வெள்ளி கட்டணத்தைத்தான் பார்த்தது.

பொருளாதார ஆய்வாளர்களும் இதை வேறு வழியில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். டேவிட் கார்டு, யோகன் குளூவே, ஆண்ட்ரியா வீபர் மூவரும் பல நாடுகளின் வேலைவாய்ப்புத் திட்டங்களைப் பற்றிய 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஓராண்டில் சராசரிப் பலன் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கிறது. இரண்டு, மூன்று ஆண்டு கழிந்த பிறகுதான் பயிற்சி பலன் காட்டுகிறது. பெண்களுக்கும் நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கும் கூடுதலாக. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் மனிதர் வேலை தேடுவதில்லை, எனவே ஆரம்பத்தில் இழப்புத்தான். அந்த இடைவெளியைத் தாண்டிக் காத்திருக்க எந்த வீட்டில் சேமிப்பு இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரருக்குப் பயிற்சி கைகொடுக்கிறது. மற்றவர்கள் பாதியில் எழுந்து கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

காத்திருந்தும் கிடைக்காமல் போன ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜேன்ஸ்வில். பார்க்கர் பேனா பிறந்த ஊர். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, 2008ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு கார் உற்பத்தியை நிறுத்தியது. அரசாங்கச் செலவில் பலர் பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்கள். கணினியைத் தொட்டே இராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஏமி கோல்ட்ஸ்டீன் அந்த ஊரைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2017இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காகப் பொருளாதார வல்லுநர்களோடு சேர்ந்து கணக்குப் பார்த்ததில், மறுபயிற்சி பெற்றவர்களைவிடப் பெறாதவர்களே வேலையிலும் சம்பளத்திலும் மேலாக இருந்தார்கள். கல்லூரி தன் வேலையைச் செய்தது. படித்து வெளியே வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள ஊரில்தான் முதலாளி இல்லை.

சிங்கப்பூரில் முதலாளிகளுக்குக் குறைவில்லை. நேரத்துக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் எட்டு ஆண்டு பிடித்தது. 2024இல் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி வந்தது. இந்தமுறை எந்த வகுப்பு வேண்டுமானாலும் என்ற சுதந்திரம் கிடையாது. வேலைக்கு வழிவகுக்கும் என்று கருதப்பட்ட சுமார் 7,000 பாடங்களின் பட்டியலுக்குள்தான் செலவழிக்கலாம். அதைவிட முக்கியமானது 2025இல் வந்த பயிற்சிக்கால உதவித்தொகை. முழுநேரம் படிப்பவருக்கு அவருடைய கடந்த ஓராண்டுச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். பகுதிநேரமாகப் படிப்பவருக்கு மாதம் 300 வெள்ளி என்றும் அறிவித்தார்கள். மேலே சொன்ன கிடங்கு மேற்பார்வையாளரின் மிகைநேர இழப்பை 300 வெள்ளி ஈடுகட்டுமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

அதே 2025 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. வேலையில்லாதவருக்குப் பணம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார் என்று பல்லாண்டுகளாகத் தயங்கிய அரசாங்கம், ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரத் தொடங்கியது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு. சும்மா கிடைக்காது, விண்ணப்பம் போட வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், ஆலோசகரைப் பார்க்க வேண்டும், அதற்கெல்லாம் மாதாமாதம் புள்ளி சேர்க்க வேண்டும்.

இந்த ஆலோசகர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இருபத்திரண்டு ஆண்டு ஒரே நிறுவனத்தில் இருந்தவர் கொண்டுவரும் தன்விவரக் குறிப்பு பெரும்பாலும் அரைப்பக்கம்தான் இருக்கும்: ஸ்டோர் இன்சார்ஜ், இந்த ஆண்டு முதல் அந்த ஆண்டு வரை. நல்ல ஆலோசகர் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை பேலட் ஏறி இறங்கும், இருப்புக் கணக்கை எந்த மென்பொருளில் பார்த்தீர்கள், கீழே எத்தனை பேர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவீர்களா என்று கேட்பார். அரைமணி நேரத்தில் அரைப்பக்கம் இரண்டு பக்கமாகும். வந்தவருக்கே, நாம் இவ்வளவும் செய்திருக்கிறோமா என்று தோன்றும். இதற்குச் செலவு மிகக் குறைவு; பலனும் சீக்கிரம் தெரிகிறது. ஒரு எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்ல வேண்டும். பிரான்சில் எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஆலோசனை பெற்றவருக்குக் கிடைத்த வேலை பெறாதவரின் கையைவிட்டு நழுவிய வேலையாகவும் இருக்கக்கூடும் என்று காட்டியது. வேலைகளின் எண்ணிக்கை கூடாத ஊரில் ஆலோசனை வரிசையைத்தான் மாற்றும்.

ஆலோசகர் கையில் முதலாளியும் இருந்தால் கதை வேறு. சிங்கப்பூரின் வேலைமாற்றத் திட்டங்களில் முதலில் நிறுவனம் ஆளைச் சேர்த்துக்கொள்கிறது. பயிற்சி அதற்குப் பிறகுதான். பயிற்சிக் காலச் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை, நாற்பதைக் கடந்தவரென்றால் 90 விழுக்காடு வரை, அரசாங்கம் ஒரு வரம்புக்குட்பட்டுத் தாங்கிக்கொள்கிறது. ஜேன்ஸ்வில்லில் இல்லாமல் போனது இந்த வரிசை.

குடிமக்களுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யும் நகரத்தில், இந்த 500 வெள்ளியிலோ 4,000 வெள்ளியிலோ பங்கில்லாத ஒரு கூட்டமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வருபவர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் 'டெஸ்ட் அடிக்க' என்றால் சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு எழுத என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரைபடத்தைப் பார்த்து, கொடுத்த நேரத்துக்குள் டைல்ஸ் வெட்டி ஒட்ட வேண்டும்; ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்துப் பார்ப்பார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஏஜென்டுக்கும் அவர்கள் செலவழிப்பது சொந்தப் பணம், அல்லது வட்டிக்கு வாங்கியது.

வந்து சேர்ந்த பிறகு அவர்களுடைய திறன் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. 2024 முதல் அடிப்படைத் திறன் கொண்ட கட்டுமான ஊழியருக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. 'ஆர்-ஒன்' என்ற உயர்திறன் தகுதி பெற்றவருக்கு 500. போதாததற்கு, நிறுவனத்தின் வேலை அனுமதி பெற்ற வெளிநாட்டு ஊழியர்களில் குறைந்தது பத்து விழுக்காட்டினர் ஆர்-ஒன் ஆக இருக்க வேண்டும். ஆகவே மாதம் 400 வெள்ளி மிச்சமாகும் என்று தெரிந்ததும், அதுவரை ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குக் கூப்பிட்ட சூப்பர்வைசரே 'போய் டெஸ்ட் எழுது' என்பார். ஊழியருக்கும் ஆதாயம் இருந்தது: அடிப்படைத் திறனாளர் 14 ஆண்டுதான் இங்கே இருக்கலாம், உயர்திறனாளர் 26 ஆண்டு என்ற வரம்பு 2025 ஜூலையில் நீக்கப்படும்வரை, ஆர்-ஒன் என்பது ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் ஒரு வீட்டையும் முடிவுசெய்த எழுத்து. ஆனால் அந்த 400 வெள்ளியில் எவ்வளவு ஊழியர் பைக்குப் போகிறது என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. பயிற்சி வேலை செய்கிறது, பலன் பங்கிடப்படுவதில்லை.

பயிற்சியையும் பலனையும் ஒன்றாகக் கட்டியது பாதுகாவல் துறையில் வந்த படிப்படியாக உயரும் சம்பள முறை என்றுதான் நினைக்கிறேன். 2016 முதல் பாதுகாவல் நிறுவனங்களின் உரிமத்தோடு இது சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பதவிக்கும் இன்னின்ன பயிற்சி முடித்திருக்க வேண்டும், அந்தப் பதவிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும். பயிற்சியை முடித்துப் பதவி உயர்ந்தவரிடம் பழைய சம்பளம்தான் என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. 2028இல் அது 3,530 ஆகும். இந்த வேலையில் நம்மவர்கள், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கேயும் தடுமாற்றம் பழைய இடத்தில்தான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர் வகுப்புக்குப் போனால் அந்த வாசலில் வேறொருவர் நிற்க வேண்டும். வகுப்புக்குப் போனவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் முதலாளிக்கு ஈடுசெய்கிறது. பணம் இருக்கிறது, ஆள் இல்லை. சிறிய நிறுவனங்கள் அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட இது போதும். பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும்படி மாற்று அதிகாரிகளின் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்து, அவர்களுடைய சம்பளத்துக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கினால், இன்னொரு 500 வெள்ளி கொடுப்பதைவிட அதிகம் பேர் வகுப்பை முடிப்பார்கள்.